வேனில் கடகட சத்தமா? ஷாக்கை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

"கீழே ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று பட்டறையில் வண்டியை விட்டால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில் "ஷாக் போயிருக்கும், மாத்திரலாம்" என்பதுதான். ஷாக் என்றால் ஷாக் அப்சார்பர், வண்டியின் ஆட்டத்தை அடக்கும் பாகம். சில நேரம் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். பல நேரம், நாலு ஷாக்கையும் மாற்றி பில்லையும் கட்டிவிட்டு மறுநாள் லோடு ஏற்றிக் கிளம்பினால், முதல் வேகத்தடையிலேயே அதே சத்தம் அப்படியே வரும்.

காரணம் பெரிய ரகசியமெல்லாம் இல்லை. காலி வேன் ஒரு தகர டப்பா. முன் சக்கரத்தில் ஒரு புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்து தட்டினால் அந்தச் சத்தம் பாடி வழியாக ஓடிப் பின்கதவுப் பக்கம் கேட்கும். பின்னால் அச்சை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்தால் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இடிப்பது போலிருக்கும். காதை மட்டும் நம்பி பாகம் வாங்கினால் காசு போகும், சத்தம் போகாது.

சரக்கு வேன் ஓட்ட ஆரம்பித்திருப்பவர்களுக்கும், பழைய வண்டியைக் கைமாற்றி வாங்கப் போகிறவர்களுக்கும் எழுதுகிறேன். நீங்களே ஸ்பேனர் பிடித்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். மெக்கானிக்கிடம் போய் "முன்னால இடது பக்கம், ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கினா டக் டக்னு வருது, லோடு இருந்தா குறையுது" என்று சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், உங்கள் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது

நம் ஊர்த் தெருவில் சில்லறைச் சரக்கை இழுப்பது பெரும்பாலும் மாருதி ஈகோ, 2019-இல் தயாரிப்பு நின்ற பிறகும் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கும் ஆம்னி, அப்புறம் வேன் கணக்கில் வராவிட்டாலும் அதே வேலையைச் செய்யும் டாடா ஏஸ். மூன்றுக்கும் அடிப்பக்கம் ஒன்றல்ல.

ஈகோவிலும் ஆம்னியிலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தூண், அதன் தலையில் ரப்பர் மவுண்ட், கீழே சக்கரத்தைப் பாடியோடு பிடிக்கும் லோயர் ஆர்ம், ஆர்மின் நுனியில் பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டு. பின்பக்கம்தான் வித்தியாசம். ஆம்னியில் பின்னால் பட்டை, அதாவது இரும்புப் பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங். ஈகோவில் பின்னால் காயில் ஸ்பிரிங், அச்சை முன்பின் நகராமல் பிடிக்க இரண்டு நீள ராடுகள், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒன்று. பழக்கமான டாடா ஏஸில் முன்னும் பின்னும் பட்டைதான், அதனால் ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட் பற்றி நான் கீழே சொல்வது ஏஸ்காரர்களுக்குத் தேவையில்லை.

இதைவிட முக்கியமாக ஒன்று புரிய வேண்டும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அதாவது பட்டையோ காயிலோ. ஷாக் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கி எழுந்தால் அது திரும்பத் திரும்ப ஆடாமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஆகவே வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, பின்னால் உட்கார்ந்துவிட்டது என்றால் ஷாக்கை மாற்றி அது எழும்பாது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் தொடர்ந்து குதித்துக்கொண்டே போகிறது என்றால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. உட்காருகிறதா, ஆடுகிறதா, தட்டுகிறதா, இழுக்கிறதா என்று நாலு கேள்வியில் நோயைப் பிரித்துக்கொண்டால் பாதிப் பாகங்கள் சந்தேகப் பட்டியலிலிருந்தே வெளியே போய்விடும்.

வாட்டர் சர்வீஸ் விடாதீர்கள், இப்போதைக்கு

பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் வண்டியைச் சுத்தமாகக் கழுவிக் கொண்டுபோவது மரியாதை என்று நினைப்போம். சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இந்த ஸ்பிரிங், ஷாக், ஆர்ம் எல்லாம் பார்க்கும்போது அது கெடுதல். ஷாக்கிலிருந்து வழிந்த எண்ணெய்க் கோடு, தளர்ந்த போல்ட்டைச் சுற்றிப் படியும் செம்பழுப்புத் துருத்தூள், இரண்டு இரும்பு உரசியதால் பளபளவென்று தெரியும் இடம், இதெல்லாம்தான் உங்களுக்குக் கிடைக்கும் துப்பு. கழுவினால் எல்லாம் போய்விடும். அதிலும் கழுவிவிட்டு அடியில் டீசலோ கழிவு ஆயிலோ ஸ்பிரே அடித்துத் தருகிறார்களே, அதற்குப் பிறகு எது ஷாக்கிலிருந்து கசிந்தது, எது அவர்கள் அடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆயில் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுத்தும் விடும். துருப் பிடிக்காது என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்த வேலையே வேண்டாம். முதலில் அழுக்கோடு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து, செல்போனில் நாலு மூலையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் கழுவுங்கள்.

இன்னொரு முன்வேலை: வண்டிக்குள் இருக்கும் தளர்ந்த சாமான் அத்தனையும் வெளியே. ஜாக்கி, வீல் ஸ்பேனர், கயிறு, தார்ப்பாய்க் கொக்கி, ஸ்டெப்னி. ஸ்டெப்னியைத் தாங்கும் கொக்கி தளர்ந்து ஆடுவது சஸ்பென்ஷன் சத்தம் போலவே கேட்கும். பக்கவாட்டுச் சறுக்குக் கதவின் ரோலர் தேய்ந்தாலும் அப்படித்தான். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையத்தையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள்

ஆர்.சி.யில் காலி எடையும் மொத்த எடையும் இருக்கும். மொத்தத்திலிருந்து காலியைக் கழித்தால் வருவதுதான் அனுமதி, டிரைவரும் கூட வருபவரும் அதற்குள்தான் அடக்கம். தண்ணீர் கேன் போடும் வண்டிகளைப் பாருங்கள். 20 லிட்டர் கேன் 40 அடுக்கினால் தண்ணீர் மட்டுமே 800 கிலோ. ஈகோவுக்கு அது அளவைத் தாண்டிய பாரம். தினமும் அப்படி ஓட்டிவிட்டு "ஸ்பிரிங் மட்டமான ஸ்பிரிங்" என்று கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று இருப்பது வேறு கதை.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் உண்டு. பின் அச்சுக்குப் பின்னால், கதவோரமாகவே எல்லாவற்றையும் அடுக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் லேசாகி வண்டி அலையும். பழுது என்று நினைத்து அலைன்மெண்ட் கடைக்கு ஓடுவோம். கனமானதை முன் தள்ளி அடுக்கிப் பார்த்த பிறகும் அலைந்தால் அப்போது பழுதைத் தேடலாம்.

டயரைப் படியுங்கள்

காற்றை முதலில் சரிபாருங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று இருக்கும், பல வண்டிகளில் காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று. பங்கில் கேட்கிறவர் எல்லோருக்கும் ஒரே அளவு அடிக்கும் பழக்கம் உண்டு, அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் உள்ளங்கையை டயரின் மேல் வைத்து மெதுவாகத் தடவுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டு. ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பம் போலக் கீறினால் டோ அலைன்மெண்ட் கெட்டிருக்கிறது, அதாவது சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிறது. உள் ஓரம் மட்டும் மொழுக்கென்று இருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. ஸ்பிரிங் தாழ்ந்தோ, லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்தோ, ஆர்ம் வளைந்தோ இருக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு அல்லது தாங்க முடியாத பாரம், நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். வட்டமாக அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால்தான் ஷாக்கைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் அடங்காத சக்கரம் ரோட்டில் தட்டித் தட்டிப் போகிறது என்று அர்த்தம். வீல் பேலன்சிங் இல்லாவிட்டாலும் இதே குழி வரும், ஆகவே அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

முன்பு வைத்திருந்தவர் விலை மலிவென்று சாதாரண கார் டயர் போட்டிருந்தால் லோடு ஏற்றியதும் டயரின் பக்கச் சுவர் பிதுங்கி வண்டி மிதக்கும். டயர் பக்கவாட்டில் இருக்கும் அளவும், டயரின் வலுவைக் காட்டும் பிளை எண்ணும் ஸ்டிக்கரில் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். இது சஸ்பென்ஷன் கோளாறு போலவே இருக்கும், ஆனால் இல்லை.

உயரம் அளக்க ஒரு இஞ்ச் டேப் போதும்

காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு இடத்திலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் கலந்துவிடும், அதனால்தான் நடுப்புள்ளியிலிருந்து. இடதுக்கும் வலதுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். ஒரு விரல் தடிமனுக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும்.

ஆனால் நம் ஊரில் சமதளம் என்று நினைக்கும் எந்தத் தரையும் சமதளம் இல்லை, தண்ணீர் ஓட வாட்டம் வைத்திருப்பார்கள். அதற்கு ஒரு வழி: அளந்து முடித்ததும் வண்டியைத் திருப்பி, மூக்கு இருந்த இடத்தில் வால் வருமாறு அதே இடத்தில் நிறுத்தி மறுபடி அளங்கள். முதலில் இடது பக்கம் தாழ்ந்திருந்தது இப்போது வலது பக்கம் தாழ்ந்தால் குற்றம் தரையுடையது. திருப்பிய பிறகும் இடதுதான் தாழ்வென்றால் குற்றம் வண்டியுடையது. இந்த வேலைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

கேஸ் சிலிண்டர் பொருத்திய வண்டிகளில் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அதைப் பழுதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடம் வலம் வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது.

ஓட்டிப் பார்ப்பது: காலியாக ஒருமுறை, லோடோடு ஒருமுறை

இந்த ஒரு விஷயத்தில்தான் காருக்கும் சரக்கு வேனுக்கும் வழி பிரிகிறது. பட்டறையில் காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்பார்கள், உங்களுக்கோ லோடு இருந்தால்தான் வரும். அல்லது நேர்மாறாக, காலியில் கடகடக்கும், லோடு ஏற்றினால் நிசப்தம். இரண்டும் வெவ்வேறு நோய். காலியில் மட்டும் தட்டுவது பெரும்பாலும் தளர்ந்த புஷ், ஷேக்கிள் (பட்டையின் நுனியைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு), ஷாக்கின் நுனி ரப்பர் போன்றவை. பாரம் வந்ததும் அந்த இடைவெளி ஒரு பக்கமாக அழுந்தி அடங்கிவிடும். லோடில் மட்டும் இடிப்பது பட்டையோ காயிலோ வலு இழந்து, அச்சு மேலே எழும்பி, இரும்பில் இரும்பு இடிக்காமல் தடுக்க வைத்திருக்கும் பம்ப் ரப்பரில் மோதுவது. பம்ப் ரப்பரைப் பார்த்தாலே தெரியும், நசுங்கிப் பிய்ந்திருக்கும், அல்லது ஆளே இல்லாமல் வெறும் இரும்பு பளபளக்கும்.

வாகன நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, ஜன்னலை இறக்கி, ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். ஒரு வேகத்தடையில் முன் சக்கரம் இரண்டையும் ஒன்றாக ஏற்றி இறக்குங்கள். அடுத்து ஓரமாகப் போய் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறும்போது சத்தம் இல்லை, ஒரு பக்கம் மட்டும் ஏறும்போது டக் என்கிறது என்றால், ஸ்டெபிலைசர் பார் (வண்டி பக்கவாட்டில் சாயாமல் இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) உள்ள வண்டியாக இருந்தால் அதன் லிங்க் ராடையும் புஷ்ஷையும் முதலில் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து எழும்பும்போது அந்தப் பார் முறுக்கப்படுவதில்லை, அதனால்தான் அப்போது சத்தமில்லை.

பிரேக் பிடிக்கும்போது முன்னால் ஒரு டொக், விட்டதும் இன்னொரு டொக் என்றால் லோயர் ஆர்ம் புஷ். பிரேக் பிடித்தால் மட்டும் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் அந்த புஷ்ஷாகவும் இருக்கலாம், பிரேக்காகவும் இருக்கலாம். பிரேக்கை முதலில் பார்ப்பது மலிவு, பாதுகாப்பும்கூட. நிற்கும் வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் ஸ்பிரிங் விடுபட்டது போல டொங் என்று வந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்டும் பேரிங்கும். கிளட்ச் விட்டு வண்டி நகரும் நொடியில் அடியில் டங் என்றால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு, இன்ஜினின் இழுவையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டைப் பாருங்கள், இவை பின்சக்கர இழுவை வண்டிகள். ஆனால் ஈகோவில் பின் ராடு புஷ் தேய்ந்தாலும் அதே நேரத்தில் அதே மாதிரி தட்டும், இரண்டையும் பிரிக்கக் கீழே போய்த்தான் ஆக வேண்டும். பக்கத்தில் பஸ் முந்திப்போகும்போது பின்பக்கம் மட்டும் வால் ஆட்டுவது போல நகர்ந்தால் அந்த ராடு புஷ்கள்தான் என் முதல் சந்தேகம்.

சத்தம் எந்த மூலையில் என்று பிடிக்கச் சரக்குப் பகுதியில் ஆளை உட்கார வைக்காதீர்கள். செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு ஒவ்வொரு மூலையிலும் டேப்பால் ஒட்டி, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிக் கேட்டால் போதும்.

கீழே குனியும் முன்

இதை வேகமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, கியரும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. ஆகவே ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் கியரில் விட்டிருப்பது பெரிதாக உதவாது, தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், வண்டி உருளலாம். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். செங்கல் வேண்டாம், பாரம் வந்தால் பொடியும். தூக்கிய பிறகு ஜாக்கி ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் கை நீட்டவே வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். ஸ்டாண்ட் இல்லையென்றால் குழி இருக்கும் பட்டறைக்குப் போங்கள், அங்கே நின்றபடியே எல்லாம் தெரியும். காயில் ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை மட்டும் வீட்டில் முயலவே வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளை அடித்துவிடும்.

முன் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், கடிகாரத்தில் 12 மணியும் 6 மணியும் இருக்கும் இடங்களில் இரு கையையும் வைத்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். எது என்று அறிய, ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட் பக்கம் போங்கள்: லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) நடுவில் லிவரை விட்டு நெம்பினால் ஜாயிண்ட் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். அதன் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்திருந்தால் இன்று ஆடாவிட்டாலும் சீக்கிரம் ஆடும்.

அடுத்து 9 மணி, 3 மணி. இங்கே மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு ஸ்பிரிங் சுருளில் விரல் வைத்தால் கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலில் தெரியும், காதில் கேட்காதபோதும்.

லோயர் ஆர்ம் புஷ்ஷில் சின்னச் சின்ன மேல்விரிசல் வயதான ரப்பரில் சாதாரணம். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால், அல்லது லிவரால் நெம்பும்போது ஆர்ம் தாராளமாக நகர்ந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

பின்பக்கம், பட்டை வண்டி

ஆம்னிக்காரர்களும் ஏஸ்காரர்களும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம். முதலில் ஒவ்வொரு பிளேட்டையும் டார்ச் அடித்து ஓரத்திலிருந்து ஓரம் வரை பாருங்கள். உடைவது பெரும்பாலும் நடுவில், பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டை இருக்கும் இடத்தில், யூ போல்ட்டின் பிடிக்குள் மறைந்திருக்கும். அல்லது மெயின் பிளேட் சுருண்டு கண்ணாக மாறும் இடத்தில். குறுக்கே மெல்லிய துருக்கோடு தெரிந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், கோடு போகவில்லையென்றால் விரிசல். நடுப் பிளேட் ஒன்று உடைந்தால் காலியாக மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம், மெயின் பிளேட் உடைந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள், அச்சைப் பிடித்திருப்பதே அதுதான்.

சென்டர் போல்ட் உடைந்தது வெளியே தெரியாது, ஆனால் அளவில் மாட்டும். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது, இரு பக்கமும் அளங்கள். ஒரு பக்கம் குறைவென்றால் அச்சு நழுவியிருக்கிறது. இப்படிப்பட்ட வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் கோணலாகப் போவது தெரியும், ஸ்டீயரிங்கும் நேர் ரோட்டில் திருகியே நிற்கும். எத்தனை முறை அலைன்மெண்ட் செய்தாலும் நிற்காத வண்டிகளில் இதைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

யூ போல்ட் நட்டுகளைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் இருந்தால் தளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஷேக்கிள் பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் காலியில் கடகடக்கும். லிவரை ஷேக்கிளுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் விட்டு நெம்பினால் தெரிந்துவிடும். கிரீச் கிரீச்சென்று கத்துவது மட்டும் பிரச்சினை என்றால் பிளேட்டுகளின் நடுவில் இருக்கும் பேட் தேய்ந்திருக்கலாம், அது எரிச்சல்தான், ஆபத்தில்லை.

ஈகோவின் பின்பக்கம் இவ்வளவு கதை இல்லை. காயிலில் உடைந்த சுருள், குறிப்பாகக் கடைசிச் சுற்று, அதன் ரப்பர் சீட், மூன்று ராடுகளின் ஆறு முனைகளிலும் உள்ள புஷ். லிவரால் நெம்பிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

கடைசியாக ஷாக்

மூலையை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் வண்டி ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போச்சு என்பார்கள். முன்பக்கத்துக்கு இந்தச் சோதனை ஓரளவு சரி. பின்னால் பட்டை உள்ள காலி வண்டியில் அதை நம்பாதீர்கள். பட்டை கடினமானது, உங்கள் எடைக்கு அமுங்கவே அமுங்காது, போதாததற்குப் பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை அடக்கிவிடும். செத்த ஷாக்கும் தேறிவிடும்.

அதைவிட நல்ல வழி, மேடு பள்ளமான ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தியதும் ஷாக்கின் உடம்பைத் தொட்டுப் பார்ப்பது. சைலன்சர் பக்கத்தில் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாகும், ஏனென்றால் ஆட்டத்தை அது வெப்பமாகத்தான் மாற்றுகிறது. ஒரே அச்சின் இரண்டு ஷாக்கில் ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் குளிர்ந்தது சும்மா இருக்கிறது. கசிவைப் பொறுத்தவரை, மேல் பாதியில் லேசான ஈரப்படலம் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். எண்ணெய் வழிந்து கீழ்ப்பாதியில் மண்ணோடு அப்பிக்கொண்டிருந்தால் முடிந்தது. மாற்றுவதென்றால் ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஆனால் பின்னால் போனதற்கு முன்னாலும் சேர்த்து நாலு போடச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

கூடுதல் பட்டை போடலாமா?

எல்லோரும் கேட்பது. "இன்னொரு பிளேட் ஏத்திக்கோங்க, எவ்வளவு வேணா தாங்கும்" என்று கடையில் சொல்வார்கள். தாங்குவது பட்டை மட்டும்தான். அச்சு, வீல் பேரிங், பிரேக், டயர், சேஸிஸ் எல்லாம் பழைய அளவுக்கே செய்யப்பட்டவை, ஆர்.சி.யில் இருக்கும் எடையும் மாறாது. இன்னொன்று, சில வண்டிகளில் பின்பக்கம் அச்சை நோக்கி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும் வால்வு ஒன்று இருக்கும். கூடுதல் பட்டையால் வண்டி தாழாமலே நின்றால், லோடு இல்லை என்று எண்ணி அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு லோடில் பிரேக் மந்தமாவது அப்போதுதான் தெரியும், தெரியும் இடம் நல்ல இடமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தொய்ந்த பட்டைக்குப் பதில் கம்பெனி அளவிலேயே புதிது போடுவது என் கட்சி. பழைய பட்டையை எடைக்குப் போடலாம், அரிவாள் அடிக்கும் பட்டறைகளில் அதற்கு எப்போதும் மவுசு உண்டு.

வேலை முடிந்து வண்டி எடுக்கும்போது

ரப்பர் புஷ் மாற்றியிருந்தால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: போல்ட்டைக் கடைசியாக இறுக்கியது சக்கரம் தரையில் நின்றபோதா, தொங்கியபோதா? தொங்கும்போது இறுக்கினால் வண்டி தரையில் உட்கார்ந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருக்கும், புது புஷ் சீக்கிரமே கிழியும். லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், டை ராடு எதைத் தொட்டிருந்தாலும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். பட்டை வேலை என்றால் யூ போல்ட் புதிதாகப் போட்டார்களா என்று பாருங்கள், ஒருமுறை இழுபட்ட யூ போல்ட்டையே திரும்ப மாட்டுவது பரவலான சிக்கனம், நல்ல சிக்கனம் இல்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் லோடு ஏற்றிய நிலையில் வண்டியைக் கொண்டுபோய் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், புதுப் பட்டை அமர்ந்து கொஞ்சம் இடம் விட்டிருக்கும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி, நீங்கள் சந்தேகப்பட்டது அவற்றில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் அதே ரோட்டில் இன்னொரு முறை ஓட்டிக் காட்டிவிட்டுப் பில்லைக் கட்டலாம்.